பல் முகாமின் முதல் ஆள்

பிறருக்கு அறிவுரை சொல்லக் கிளம்பும் எவரும், அதற்கு முன் கண்ணாடியின் எதிரில் நின்று தம் வாயை நன்றாகத் திறந்து ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. இதை நான் உவமையாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். உண்மையான கண்ணாடியையும் உண்மையான வாயையும் பற்றித்தான் பேசுகிறேன். தொண்ணூறுகளின் நடுவில், காங்கேயத்தை அடுத்த ஒரு கிராமத்துப் பள்ளிக்கூட மைதானத்தில், ஊர் மொத்தமும் சுற்றி நின்று பார்க்க, ஓர் ஈசிச்சேரில் மல்லாந்து கிடந்து நான் பெற்ற ஞானம் இது.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. கோவையில் சமூகப்பணி படித்து முடித்து, ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்து ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. சமூகத்தை முழுதாகத் திருத்த ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் பிடிக்கும் என்று மதிப்பிட்டிருந்தேன் (மிச்ச வாழ்நாளை எப்படிக் கழிப்பது என்பதுதான் அன்றைக்கு எனக்கிருந்த ஒரே கவலை). விளைவுகளைச் சீர்தூக்கிப் பாராமல் எந்தக் காரியத்திலும் இறங்கக் கூடாது என்பது என் கொள்கை. அதற்காகவே ஒரு நீள நோட்டு வைத்திருந்தேன். இடப்பக்கத்தில் 'செயல்' என்றும் வலப்பக்கத்தில் 'விளைவு' என்றும் தலைப்பிட்டு, கோடு போட்டு எழுதுவேன். "இவனுக்குத் தோசை திருப்பிப் போடோணும்னாக்கூட அந்த நோட்டு வேணுமுங்க" என்று என் அம்மா விருந்தினரிடம் சொல்வதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருந்தேன்.

நிறுவனம் என்னை நம்பி முதன்முதலாக ஒப்படைத்த காரியம், ஓர் இலவசப் பல் மருத்துவ முகாம். சிறு குழந்தைகளுக்கும் முதியோருக்கும் மட்டும் என்று நானே வரையறுத்தேன். நடுவயதுக்காரர்கள் வலி வந்தால் தாமே பேருந்து ஏறிப் போய்விடுவார்கள். குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. முதியவர் சொல்ல மாட்டார். இந்தத் தர்க்கத்தில் இன்றும் எனக்குப் பெருமை உண்டு. அன்றைய நிகழ்வில் நான் பெருமைப்படக்கூடியது இது ஒன்றுதான் என்பதால் இதை முதலிலேயே பதிவு செய்துவிடுகிறேன்.

முகாமுக்கு ஒரு வாரம் முன்பு அந்த ஊருக்கு ஆய்வுக்குப் போனேன். கொங்கு நாட்டில் நோயை ஆய்வு செய்வது எவ்வளவு கடினம் என்று அன்றுதான் தெரிந்தது. கன்னத்தைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு முதியவரிடம், "பல் வலிக்கிறதா?" என்று கேட்டால், "அதெல்லாம் ஒன்னுமில்லீங்க தம்பி, வாங்க, மோரு குடிங்க" என்பார். தம் வலியைச் சொல்லி வந்தவர் மனத்தை வருத்துவது அவருக்கு மரியாதைக் குறைவு. தாய்மார்களோ, "பால் பல்லுதானுங்க, உழுந்து மொளைச்சுக்கும்" என்றார்கள். போதாததற்கு, "பல்லைப் புடுங்குனா கண்ணுப் பார்வை போயிருமாமுங்க" என்ற செய்தி ஊர் முழுக்க உறுதியாக நிலவியது.

உள்ளூரில் எனக்குத் துணையாக வந்தவர் மாட்டுத் தரகர் சென்னியப்பன். அந்த வட்டாரத்தில் காளை வாங்குவோர் அவரை அழைக்காமல் சந்தைக்குப் போக மாட்டார்கள். ஒரு கையால் தாடையைப் பிடித்து, கட்டைவிரலால் உதட்டை மேலே தள்ளி, ஒரே பார்வையில் மாட்டின் வயதைச் சொல்லிவிடுவார். "பல்லு பாக்கறதுக்கு டாக்டர் வாராங்களா? நல்லதுங்க. இந்த ஊருல மாட்டுக்குத்தான் வருசா வருசம் பல்லு பாக்கறோம். மனுசனை எவனும் பாக்கறதில்லீங்க" என்றார். நான் அந்த வாக்கியத்தை நோட்டில் குறித்துக்கொண்டேன் (அறிக்கையில் மேற்கோளாகப் போடலாமே).

அன்று அவர் என்னைத் தேங்காய்ப் பருப்பு காய வைக்கும் களத்துக்கும் அழைத்துப் போனார். அங்கே வேலை செய்யும் சரசுவின் மகள் கோமதிக்குக் கீழ்க் கடவாய்ப் பல்லில் வலி. ஏழு வயது. என்னைப் பார்த்ததும் தாயின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு டவுனு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போலாம்னு இருக்கறேனுங்க" என்றார் சரசு.

"எதற்கு அலைச்சல்? ஒரு வேலை நாள் வீணாகும். ஞாயிற்றுக்கிழமை டாக்டரே இங்கே வருகிறார். ஆறு நாள்தானே?" என்று நான் கம்பீரமாகச் சொன்னேன்.

சரசு மகிழ்ச்சியோடு தலையாட்டினார். மழை வந்தால், மின்சாரம் போனால், பஞ்சு தீர்ந்தால், வாகனம் பழுதானால் என்று பதினேழு ஆபத்துகளுக்கு விளைவு எழுதி வைத்திருந்த நான், போகிற போக்கில் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்கு வலப்பக்கத்தில் எதையும் எழுதவில்லை.

எழுதாமல் விட்ட இன்னொன்றும் உண்டு. என் சொந்தப் பல். இடது கீழ்க் கடவாயில், இரண்டு ஆண்டுகளாக ஒரு குழி. சட்டைப் பையில் சின்னக் குப்பியில் கிராம்புத் தைலம். சாப்பாடு முழுவதும் வலப்பக்கத்தில். குளிர்ந்த தண்ணீர் என்றால் பிடிவாதமான மறுப்பு. பல் மருத்துவர் என்ற சொல்லைக் கேட்டாலே என் உள்ளங்கை வியர்க்கும். அப்படிப்பட்டவன் பல் முகாம் நடத்துவதில் உள்ள முரண்பாடு எனக்குத் தோன்றவே இல்லை. நான் முகாமை நடத்துபவன். முகாமுக்கு வருபவன் அல்லவே!

ஞாயிறு வந்தது. டாக்டரம்மா கோவையிலிருந்து வேனில் வந்து இறங்கினார். ஐம்பது வயது, குறைவான பேச்சு, நான்கு மணிக்குக் கிளம்பியாக வேண்டும் என்ற கண்டிப்பு. வேப்பமரத்தடியில், எண்ணெய் ஆலை அலுவலகத்திலிருந்து கடன் வாங்கிய ஈசிச்சேர் தயாராக இருந்தது. மரத்தில் இரண்டு குழாய் ஒலிபெருக்கிகள். மைதானம் நிறையச் சனம்.

கோமதியும் வந்திருந்தாள். ஒரு கன்னம் வீங்கி, கண்ணுக்குக் கீழே வரை பளபளத்தது. "மூணு நாளாக் கஞ்சித் தண்ணிதானுங்க சார். ராத்திரியில காய்ச்சலு வேற. நீங்க ஞாயித்துக்கெழமைன்னு சொன்னீங்கல்ல, அதான் பொறுத்துக்கிட்டோமுங்க" என்றார் சரசு. அதில் குற்றச்சாட்டே இல்லை. நன்றி மட்டும்தான் இருந்தது. டாக்டரம்மா தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, "சீழ் வெச்சிருக்கு. இன்னிக்கே எடுத்தாகணும், தள்ளிப் போடக் கூடாது. பயந்த குழந்தையா இருக்கு, ரெண்டு மூணு பேருக்குப் பார்க்கறதைப் பார்த்துட்டு வரட்டும்" என்றார்.

எனவே முகாமை உடனே தொடங்கியிருக்க வேண்டும். ஆனால் என் நிகழ்ச்சி நிரலில் முதலில் இருந்தது என் சொற்பொழிவு. நாற்பது நிமிடம் பேசினேன். பால் பல் விழப்போகிற பல்தானே என்று அலட்சியம் செய்தால் அடியில் காத்திருக்கும் பல்லும் கெடும் என்றேன். படுக்கையில் குழந்தைக்குச் சர்க்கரைப் பால் புட்டி கொடுத்துத் தூங்க வைக்காதீர்கள் என்றேன். செங்கல் பொடி பல்லைத் தேய்த்துத் தின்றுவிடும், முதுமையில் பல் போவது விதியல்ல, ஈறு நோயே காரணம் என்றேன். பல் பிடுங்கினால் கண் போகும் என்பது அறிவியலுக்குப் புறம்பான மூடநம்பிக்கை என்று முழங்கினேன். அச்சமே நம் முதல் எதிரி என்று முடித்தபோது கைதட்டல் ஓய நேரமானது (கைதட்டாமல் இருப்பது அந்த ஊரில் மரியாதை இல்லை).

"முதலில் யார் வருகிறீர்கள்?" என்றேன்.

அங்கேதான் பதினெட்டாவது ஆபத்து காத்திருந்தது.

முன்வரிசைப் பெரியவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்து, "நீங்க போங்க மாமா" என்றார். "அதெப்படிங்க மாப்ளே, நீங்க இருக்கையில நானு? நீங்க போங்க." "ஐயோ, உங்களுக்கு முன்னால நான் உக்காருவனுங்களா?" இந்த உபசாரம் வரிசை வரிசையாகப் பின்னால் போய், பள்ளிச் சுவரைத் தொட்டு, மறுபக்கமாகத் திரும்பி வந்தது. குழந்தைகளும் ஒருவரையொருவர் முன்னே தள்ளிவிட்டுப் பின்னே நின்றார்கள். பந்தியில் முதல் இலையில் யார் உட்காருவது என்பதற்கே அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளும் மக்கள். பல் மருத்துவரின் நாற்காலி என்றால் மரியாதை பல மடங்கு பெருகாதா?

இருபது நிமிடம் கழிந்தது. டாக்டரம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது நாச்சம்மாள் என்ற முதியவர் எழுந்தார். வாயில் மிச்சம் நான்கே பற்கள். ஆனால் ஊரில் அவர் சொல்லுக்கு முப்பத்திரண்டு பல்லின் வலு.

"ஏனுங்க, என்ன பேசறீங்க எல்லாரும்? ஊட்டுக்கு வந்த விருந்தாளி நிக்கையில நாம மொதல்ல உக்காந்தா ஊருக்கு என்ன மருவாதி? இத்தன தூரம் வந்து, இம்புட்டு நல்லாப் பேசுன தம்பி மொதல்ல உக்காரட்டும்!"

"அதான் ஞாயம்!" என்று மைதானமே ஒரே குரலில் சொன்னது. இருபது நிமிடமாக ஒத்துப்போகாத ஊர், ஒரு நொடியில் ஒன்றுபட்டது.

"எனக்கு ஒன்றுமில்லை, நான் நன்றாக இருக்கிறேன்" என்றேன். ஆய்வுக்கு வந்த அன்று முதியவர்கள் என்னிடம் சொன்ன அதே வாக்கியம். அதற்குள் சென்னியப்பன் என் தோளைப் பற்றி அன்போடு அழுத்திவிட்டார். காளைகளையே அமர வைத்த கை. ஈசிச்சேரில் விழுந்தேன். மறந்துபோய் மைக்கையும் கையிலேயே வைத்திருந்தேன்.

டாக்டரம்மா விளக்கைச் சாய்த்துப் பார்த்தார். அவருடைய புருவம் உயர்ந்தது.

"இது எத்தனை நாளா இருக்கு?"

பதில் சொல்ல முடியாத நிலையில் வாய் இருந்தது என்பது சௌகரியம். சென்னியப்பன் தொழில் ஆர்வத்தோடு குனிந்து எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க டாக்டரம்மா, கடவாயில கெணறே வெட்டி வெச்சிருக்குதாட்ட இருக்குதுங்க! இந்த மாதிரிப் பல்லோட மாடு வந்தா சந்தைக்குள்ளயே உட மாட்டோமுங்க."

டாக்டரம்மா ஒரு மெல்லிய கம்பியால் அந்தக் கிணற்றின் அடியை, தொட்டும் தொடாமலும் தொட்டார்.

நான் போட்ட சத்தத்தை எழுத்தில் வடிக்கத் தமிழின் உயிரெழுத்துகள் பன்னிரண்டும் போதாது. மைக் அதை அப்படியே வாங்கி, இரண்டு குழாய்களுக்கும் பகிர்ந்தளித்தது. களத்தில் பருப்பு கொத்திக்கொண்டிருந்த காக்கைகள் ஒட்டுமொத்தமாக மேலே கிளம்பின. கண்ணில் நீர் வடிய நான் எழுந்து உட்கார்ந்தபோது, மைதானத்தில் ஒரு குழந்தைகூட இல்லை. பெரியவர்கள் மட்டும் ஒழுங்காக விடைபெற்றுக்கொண்டிருந்தார்கள். "மாட்டுக்குத் தண்ணி காட்டோணுமுங்க." "மோட்டாரு ஓடிட்டிருக்குதுங்க, போயிட்டு வாரேனுங்க." "முகாமு ரொம்ப நல்லா இருந்துதுங்க சார்."

கோமதியைக் காணவில்லை.

அரை மணி நேரம் தேடினோம். கடைசியில் சென்னியப்பனின் கட்டுத்தறியில், ஒரு காளைக் கன்றுக்குப் பின்னால் குந்தியிருந்தாள். இரண்டு கைகளாலும் வாயைப் பொத்தியிருந்தாள். மணி இரண்டரை தாண்டியிருந்தது. சரசு கூப்பிட்டுப் பார்த்தார்; கெஞ்சினார்; தூக்கப் போனார். அவள் கன்றின் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டாள்.

சரசு என் பக்கம் திரும்பினார். "பரவால்லீங்க சார். நாளைக்கு நானே டவுனுக்குக் கூட்டிட்டுப் போயிக்கறேனுங்க. நீங்க வருத்தப்படாதீங்க."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். ஆறு நாள் முன்பே போயிருப்பார்கள். என் பேச்சை நம்பிக் காத்திருந்தார்கள். இன்றைக்கும் என் கூச்சலால்தான் தப்பி ஓடினாள். 'செயல்', 'விளைவு' என்ற இரண்டு பத்திகளும் வீங்கிய கன்னத்தோடு என் முன்னால் குந்தியிருந்தன.

நானும் சாணியில் முட்டி போட்டு உட்கார்ந்தேன். "கோமதி, அது அவ்வளவாக வலிக்காது" என்றேன்.

"பொய்யி" என்றாள். அன்று அவள் பேசிய முதல் சொல்.

"கண்ணு, அப்ப என்னதான் பண்ணோணுங்கறே?" என்றார் சென்னியப்பன்.

அவள் யோசித்தாள். என்னைச் சுட்டிக் காட்டினாள். "மொதல்ல அவருக்குப் புடுங்கட்டும். கத்தாம இருந்தா நான் வாரேன்."

"கத்துனா?"

"கத்துனா வர மாட்டேன்."

"ஞாயந்தானுங்க சார்" என்றார் சென்னியப்பன், பல பேரங்களை முடித்து வைத்த அனுபவத்தோடு.

என் நோட்டு பள்ளி மேசையில் இருந்தது. அதைப் போய்ப் புரட்ட நேரமில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக வலப்பக்கத்தைப் பார்க்காமல் ஒரு முடிவெடுத்தேன்.

"எப்படியும் எடுக்க வேண்டிய பல்தான். இனி அடைச்சுக் காப்பாத்தற நிலையில இல்ல" என்றார் டாக்டரம்மா, ஊசியை ஏற்றிக்கொண்டே.

நான் அவர் பக்கம் மெல்லச் சாய்ந்து, யாருக்கும் கேட்காதபடி, "டாக்டர், இதனால் கண்ணுக்கு ஏதாவது…" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "நாற்பது நிமிஷம் நீங்க மைக்குல பேசினதை நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

வாயைத் திறந்தேன். மைக்கை இம்முறை பள்ளிக்கூடத்துக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்கள். சென்னியப்பன் என் நெற்றியை உள்ளங்கையால் நாற்காலியோடு சேர்த்து அழுத்தி, "ஹோ… ஹோ… அவ்வளவுதாஞ் சாமி… அசையாதே சாமி…" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மூக்கணாங்கயிறு ஒன்றுதான் குறை. கோமதி ஒரு முழத் தூரத்தில் நின்று, தேர்வு அறைக் கண்காணிப்பாளரைப் போல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன சனம் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து மரத்தைச் சுற்றி நிற்பது கடைக்கண்ணில் தெரிந்தது.

ஊசி குத்தியபோது என் இடது கால் தானாக உதறியது. செருப்பு பறந்து போய் யாரோ ஒருவர் தோளில் விழுந்தது ("பரவால்லீங்க" என்றது ஒரு குரல்). மரத்த பின் வலி இல்லை. இழுப்பதும் ஆட்டுவதும் மட்டும் மண்டைக்குள் கேட்டது. வேப்பமரத்தின் கிளைகளை எண்ணினேன். பதினொன்று எண்ணுவதற்குள் பல் வெளியே வந்துவிட்டது.

கோமதி கிண்ணத்துக்குள் கிடந்த பல்லைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஊருக்குத் தீர்ப்புச் சொன்னாள்: "கத்தல."

சொன்ன சொல் தவறாமல் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். ஒரு கையால் என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள். ஊசி போட்டபோது விரலை முறித்துவிடுவாள் போலிருந்தது. வாய் மட்டும் முனகவே இல்லை. பல் வந்தது, சீழும் வடிந்தது. டாக்டரம்மா மாத்திரைகளை எடுத்துச் சரசுவிடம் கொடுத்து, வேளையைச் சொன்னார். சற்று நேரம் கழித்துக் கோமதி, "அம்மா, பசிக்குது" என்றாள். சரசு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். மூன்று நாளுக்குப் பிறகு அந்தக் குழந்தை கேட்ட முதல் சாப்பாடு.

அதன்பின் யாரும் யாரையும் உபசரிக்கவில்லை. நாச்சம்மாள் எல்லோரையும் விலக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "நாலு பல்லு இருக்குதுங்க டாக்டரம்மா. ஆடுறதை எடுத்துப்போட்டு, கட்டுப் பல்லு வெச்சா கடலை கடிக்கலாமுங்களா?"

"வறுத்த கடலை கொஞ்சம் பொறுத்து. ஆனா சாப்பாட்டை மென்னு சாப்பிடலாம். ராத்திரி கழட்டித் தண்ணியில போட்டு வைக்கணும்."

"அது பாட்டுக்குத் தண்ணியில கெடக்கட்டுமுங்க. என்ற மருமகளும் ராத்திரியில நிம்மதியாத் தூங்குவா."

நான்கு மணிக்குக் கிளம்ப வேண்டிய வேன், பொழுது சாயும் வரை கிளம்பவில்லை. டாக்டரம்மாவே கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கு ஓரளவு கௌரவம் மிஞ்சியிருக்கும். ஆனால் நிகழ்ச்சி நிரலின் கடைசி வரி 'நன்றியுரை' என்றிருந்தது, அதன் எதிரே என் பெயரும். பாதி முகம் மரத்து, வாயில் பஞ்சைக் கடித்தபடி, மீட்டெடுத்த மைக்கின் முன் நின்றேன். என்னிடமிருந்து வந்தது பேச்சு என்று சொல்ல முடியாது. அது ஒருவகைக் காற்றும் ஈரமும். உதட்டின் இடது ஓரம் என் உத்தரவுக்குக் காத்திராமல் சட்டையை நனைத்துக்கொண்டிருந்தது. ஊர் அசையாமல் கேட்டது. முடிந்ததும் பலமாகக் கைதட்டியது. சென்னியப்பன் வந்து என் கையைப் பற்றிக்கொண்டார்.

"நல்லாப் பேசுனீங்க சார். மொதல்ல பேசுனதுக்கு இது எவ்வளவோ தெளிவா இருந்துதுங்க."

மூன்று ஆண்டுகள் கழித்து எனக்குக் காங்கேயத்துப் பக்கத்திலேயே பெண் அமைந்தது. என் மாமனார் காளை வளர்ப்பவர். மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க அவர் என் படிப்புச் சான்றிதழையோ, நிறுவனத்தின் நற்சான்றையோ தேடிப் போகவில்லை. சந்தையில் சென்னியப்பனைத்தான் கேட்டிருக்கிறார். சென்னியப்பன் சொன்னதைத் திருமணமான பிறகுதான் என் மனைவி எனக்கு ஒப்பித்தாள்:

"பையனை வாயைத் தொறந்தே பாத்திருக்கறேனுங்க. இடதுபக்கம் கீழ ஒரு பல்லு கொறை. கொஞ்சம் மிரளும். ஆனா முட்டாதுங்க. நம்பிக் குடுக்கலாம்."

அந்த ஒரு வாக்குமூலத்தில் எங்கள் திருமணம் முடிவானது. அதற்குச் சரசுவும் கோமதியும் வந்திருந்தார்கள். மேடையேறிய கோமதி வாழ்த்தெல்லாம் சொல்லவில்லை. நேராக என் முன் வந்து, கன்னத்தை விரலால் இழுத்து வாயை அகலத் திறந்தாள். அன்று எடுத்த பால் பல்லின் இடத்தில் புதுப் பல் வெள்ளையாக முளைத்திருந்தது. நான் ஆவலோடு குனிந்து பார்த்தேன். அந்த நொடியில்தான் புகைப்படக்காரர் பொத்தானை அழுத்தினார். எங்கள் கல்யாண ஆல்பத்தின் பெரிய படத்தில் மணப்பெண் கேமராவைப் பார்த்துச் சிரிக்க, மாப்பிள்ளை ஒரு சிறுமியின் வாய்க்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பார்.

அந்தக் காலிப் பல்லிடத்தை நான் நிரப்பவில்லை. யோசிக்கும்போது நாக்கு இன்றும் அங்கே போய் நிற்கும். நோட்டு வைத்திருந்த காலத்தைவிட இப்போது சற்று நன்றாகவே யோசிக்கிறேன் என்று நினைக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு பல் மருத்துவரிடம் போகிறோம். பிள்ளைகள் இருவரும் வாசலிலேயே நின்று, "விருந்தாளி மொதல்ல உக்காரட்டுமுங்க" என்று என்னை உள்ளே தள்ளுவார்கள். உள்ளே கருவியின் சத்தம் கேட்டு நான் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றும்போது, புதிதாக வந்த மருத்துவர் யாராவது, "சார் ரொம்பப் பயப்படுறாரே?" என்று கவலைப்பட்டால், வெளியே பெஞ்சிலிருந்து என் மனைவியின் குரல் வரும்:

"அது மிரளுமுங்க டாக்டர். முட்டாது. நீங்க தைரியமாப் பாருங்க."